பழைய புரோட்டோன் பெர்டானா வாங்குவோர் பார்க்க வேண்டியவை

கோலாலம்பூரில் ஒரு புதிய சிறிய காருக்குக் கட்டும் முன்பணத்தோடு சில மாதத் தவணையையும் சேர்த்தால், ஆறு சிலிண்டர் எஞ்சினும் தோல் இருக்கைகளும் கொண்ட ஒரு பழைய புரோட்டோன் பெர்டானாவை முழுப் பணமும் கொடுத்தே வாங்கிவிட முடியும். ஒரு காலத்தில் அமைச்சர்களும் மாநில ஆட்சிக்குழு உறுப்பினர்களும் பின்னிருக்கையில் அமர்ந்து வந்த கார் இது. இன்று செந்தூலிலும் பத்துமலைப் பக்கத்திலும் வீட்டு வாசலில் தூசி படிந்து நிற்கும் பெர்டானாக்களில் பல, பழுது பார்க்கவே முடியாத நிலைக்குப் போனதால் நிற்கவில்லை. வாங்கியவர் காரின் விலையை மட்டும் கணக்கிட்டு, அடுத்து வரும் செலவுக்குப் பணம் ஒதுக்காததால் நிற்கின்றன. ஆகவே இந்தக் காரை விரும்புகிறவர் முதலில் தேட வேண்டியது, மிட்சுபிஷி வி6 எஞ்சினைக் கழற்றிப் பூட்டிப் பழகிய ஒரு ஃபோர்மேனை, அதாவது பட்டறை மெக்கானிக்கை. காரை அதன் பிறகு தேடலாம்.

பெர்டானா 1995-இல் சந்தைக்கு வந்தது. சாகாவும் வீராவும் சிறிய குடும்பங்களுக்கான கார்களாக இருந்த நிலையில், அவற்றுக்கு மேல்படியில் வைக்கத்தக்க நடுத்தர அளவுக் கார் ஒன்று புரோட்டோனுக்குத் தேவைப்பட்டது. அதற்காக மிட்சுபிஷி கேலண்டின் உடன்பிறப்பான எட்டர்னாவை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் வந்தது நான்கு சிலிண்டர் கொண்ட 2.0 லிட்டர் 4ஜி63 எஞ்சின். 1999 வாக்கில் வி6 வந்தது. 6ஏ12 என்ற 1,998 சிசி எஞ்சின், 24 வால்வு, ஏறத்தாழ 150 குதிரைத்திறன். அதே எஞ்சின் குடும்பத்தின் இன்னும் வேகமான வடிவம்தான் ஜப்பானிய எஃப்டிஓ விளையாட்டுக் காரில் இருந்தது என்பதால், இந்நாட்டு இளைஞர்களிடையே பெர்டானாவுக்கு ஒரு தனி மவுசு உண்டு. 1996-இல் பிரிட்டனின் விளையாட்டுக் கார் நிறுவனமான லோட்டஸைப் புரோட்டோன் கையகப்படுத்தியதும் அந்தப் பெயருக்கு வலு சேர்த்தது. நெடுஞ்சாலையில் இந்தக் கார் வளைவுகளில் நிற்கும் விதத்தை ஓட்டிப் பார்த்தவர்கள் அந்த மதிப்பு வெறும் விளம்பரம் இல்லை என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

2003-இல் முன்முகத்தை மாற்றினார்கள். நடுவில் இறங்கி வரும் கிரில்லைப் பார்த்து இத்தாலியக் காரின் சாயல் என்று சிலர் கிண்டல் செய்ததும் உண்டு. 2008-இல்தான் பெர்டானாவின் பெயருக்கு உண்மையான அடி விழுந்தது. திரங்கானு மாநில அரசு, பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி, தன் பெர்டானா வி6 கார்களுக்குப் பதிலாக மெர்சிடிஸ் பென்ஸ் இ200 கொம்ப்ரெசர் கார்களை வாங்கியது. நாடே அதைப் பற்றிப் பேசியது. ஒரு மாநில அரசே தாங்க முடியாத செலவைத் தனி மனிதர் எப்படித் தாங்குவார் என்ற எண்ணம் அன்று மக்கள் மனத்தில் விழுந்தது. இன்றைய குறைந்த விலைக்கு அந்த எண்ணமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஆனால் அதிகாரப்பூர்வ நிலையத்தில், புத்தம் புதிய பாகங்களோடு, மாநிலமெங்கும் இரவு பகலாக ஓடிய காரின் பில்லும், வாரத்துக்கு நான்கு நாள் ஓடும் காருக்குத் தனியார் பட்டறையில் வரும் பில்லும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. 2010-இல் இந்த முதல் தலைமுறையின் தயாரிப்பு நின்றது.

பெயர் மட்டும் மீண்டும் வந்தது. 2012-இல் ஹோண்டாவுடன் ஏற்பட்ட ஒத்துழைப்பின் பயனாக, எட்டாம் தலைமுறை அக்கோர்டை அடிப்படையாகக் கொண்ட பெர்டானா 2013 இறுதியில் அரசாங்கப் பயன்பாட்டுக்கு வழங்கப்பட்டது. 2016 ஜூனில் முன்னும் பின்னும் தோற்றம் மாற்றப்பட்ட வடிவம், 2.0, 2.4 என இரண்டு ஹோண்டா எஞ்சின்களோடு பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்து, 2020-இல் அதுவும் நின்றது. எனவே சந்தையில் பெர்டானா என்று தேடினால் எதிரே வருபவை, பெயரைத் தவிர ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு கார்கள்.

தினமும் வேலைக்குப் போய் வர ஒரே கார்தான் வீட்டில் உண்டு என்றால், இரண்டாம் தலைமுறை 2.0-வைப் பாருங்கள், வி6 பக்கம் திரும்ப வேண்டாம். வீட்டில் இன்னொரு கார் இருந்து, ஒரு வாரம் பட்டறையில் கிடந்தாலும் பிழைப்பு கெடாது என்றால் மட்டுமே வி6 பொருத்தம். முதல் தலைமுறையின் நான்கு சிலிண்டர் வண்டிகள் பராமரிக்க எளிதானவை என்றாலும், வயது மிக அதிகம். நல்ல நிலையில் ஒன்று கிடைப்பது அரிது. சாலை வரியில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் பதிவான 1,998 சிசி காருக்கு ஆண்டுக்கு 379 வெள்ளி (ரிங்கிட்). இரண்டாம் தலைமுறை 2.0-வுக்கும் கிட்டத்தட்ட அதே தொகைதான். 2.4-க்குப் போனால் 2,354 சிசி என்பதால் 734 வெள்ளி ஆகிவிடும். அந்த வித்தியாசத்துக்கு ஏற்ற பயன் நகர ஓட்டத்தில் கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி வி6-ஐப் பார்க்கப் போகும் நாளைப் பற்றிப் பேசலாம். விற்பவரிடம் காலையில் வருவதாகச் சொல்லி, அதற்கு முன் எஞ்சினை இயக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடன் போனெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார் என்று எண்ண இடமுண்டு. குளிர்ந்த எஞ்சினை முதன்முறை இயக்கும்போது இன்னொருவரைப் புகைக்குழாய்ப் பக்கம் நிற்க வையுங்கள். முதல் சில விநாடிகளில் நீல நிறப் புகை வந்து பிறகு மறைந்தால், வால்வு சீல்கள் தேய்ந்து இரவெல்லாம் எண்ணெய் கசிந்து உள்ளே இறங்கியிருக்கிறது. இந்த வயதுப் பெர்டானாக்களில் இது அடிக்கடி காணப்படும் குறை. உடனே கார் நின்றுவிடாது, ஆனால் விலையைக் குறைத்துப் பேச நியாயமான காரணம். அதே நேரத்தில் மேலிருந்து கேட்கும் டிக் டிக் என்ற ஒலி எஞ்சின் சூடானதும் அடங்கிவிட்டால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சூடான பிறகும் தொடர்ந்தால், அல்லது ஒலி அடியிலிருந்து கனமாகக் கேட்டால், அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது.

அடுத்து, பெரும்பாலானோர் கேட்கத் தவறும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பின்வரிசை ஸ்பார்க் பிளக்குகளைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? இந்த எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்டது. மூன்று சிலிண்டர்கள் ரேடியேட்டர் பக்கமும் மூன்று சிலிண்டர்கள் பயணிகள் அறைப் பக்கமும் இருக்கும். முன்வரிசைப் பிளக்குகளை எவரும் எளிதில் மாற்றிவிடலாம். பின்வரிசை மூன்றும், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் அதைக் கழற்றாமல் கை போகாது. கழற்றினால் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) மாற்ற வேண்டும், கூலியும் கூடும். ஆகவே முன் மூன்றை மட்டும் மாற்றிவிட்டு ஆறுக்கும் பில் போட்ட பட்டறைகளும் இருக்கின்றன, பின் மூன்றை ஆண்டுக்கணக்கில் மறந்துவிட்ட உரிமையாளர்களும் இருக்கிறார்கள். கேள்வியைக் கேட்டதும் விற்பவர் தேதியோடு, பில்லோடு பதில் சொன்னால் அவர் காரைப் பார்த்துக்கொண்டவர். “பிளக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னால், அந்த வேலை உங்கள் தலையில் விழப்போகிறது என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டார்ச் விளக்கை எடுத்து எஞ்சினுக்கும் அதற்குப் பின்னால் பயணிகள் அறையைப் பிரிக்கும் தடுப்பான ஃபயர்வாலுக்கும் இடையில் அடித்துப் பார்த்தால் இன்னும் பல செய்திகள் கிடைக்கும். பின்வரிசை வால்வு கவரின் ஓரத்தில் கறுத்து, ஈரமாக, தூசி ஒட்டிய ஒரு பட்டை தெரிந்தால் கேஸ்கெட் கசிகிறது. அந்த எண்ணெய் சூடான புகைக்குழாய்மேல் சொட்டும்போது எழும் தீய்ந்த வாடை, கார் சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஏர்கோன் வழியாக உள்ளேயும் வரும். கேஸ்கெட்டின் விலை குறைவுதான். ஆனால் அதற்கும் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியிருப்பதால், பிளக்குகளையும் கேஸ்கெட்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்வதே புத்திசாலித்தனம். கூலி ஒருமுறையோடு போகும்.

டைமிங் பெல்ட் விஷயத்தில் விற்பவரின் வாய்வார்த்தையை நம்பவே கூடாது. பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினின் மேல்பகுதி முழுவதும் கெட்டுப்போகக்கூடும். அப்படி ஆனால் பழுதுபார்க்கும் செலவு காரின் விலையை எட்டிவிடும். மாற்றியதற்கான பில், அன்றைய கிலோமீட்டர், பெல்ட்டோடு டென்ஷனரும் வாட்டர் பம்பும் மாற்றப்பட்டனவா என்ற விவரம், இந்த மூன்றும் இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொண்டு, காரை வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும்.

குளிரூட்டும் முறையைச் சோதிக்க நிறுத்திய இடத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதாது. விற்பவர் சம்மதித்தால் கோம்பாக்கிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் ஏறி கெந்திங் செம்பா வரை போய்த் திரும்புங்கள். பினாங்கில் இருப்பவர்கள் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் மலைச்சாலையைத் தேர்ந்தெடுக்கலாம். ஏர்கோனை முழுவதும் திறந்து வைத்து ஏறும்போது வெப்ப முள் நடுவைத் தாண்டக் கூடாது. இறங்கி வந்ததும் மாலை நெரிசலில் ஜாலான் துன் ரசாக்கில் அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். மலையில் நன்றாக இருந்து நெரிசலில் முள் ஏறினால் பெரும்பாலும் விசிறியில் கோளாறு. இரண்டிலும் ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், அல்லது அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கலாம். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு மட்டும் திறந்து, உள்ளே பச்சையோ சிவப்போ ஆன கூலன்ட் இருக்கிறதா, துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தண்ணீர் ஊற்றியே ஓட்டியவரின் கார் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அதே சோதனை ஓட்டத்தில் கியர்பாக்ஸையும் கவனியுங்கள். பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலிலிருந்து டிரைவுக்கும், பிறகு ரிவர்ஸுக்கும் மாற்றும்போது ஓரிரு விநாடி தாமதமோ பின்னாலிருந்து யாரோ இடித்தது போன்ற அதிர்வோ இருந்தால், கியர்பாக்ஸ் வேலை நெருங்கிவிட்டது. கியர் எண்ணெய் சிவப்பாகவும் மணமற்றும் இருக்க வேண்டும். பழுப்பாகித் தீய்ந்த வாடை வந்தால் ஆபத்து. கிடைத்த எண்ணெயை ஊற்றாமல் மிட்சுபிஷி குறிப்பிடும் எஸ்பி வகை எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும் என்பதை உங்கள் ஃபோர்மேனிடம் சொல்லிவைப்பதில் தவறில்லை. அவர் கோபித்துக்கொண்டால் வேறு ஃபோர்மேன் பார்க்கலாம். டிரைவில் பிரேக் பிடித்து நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் எஞ்சின் மவுண்டிங் போயிருக்கும். அது விலை பேசும் விஷயம், பயப்படும் விஷயம் அன்று.

சஸ்பென்ஷன் பெர்டானாவின் பெருமையும் செலவும் ஆகும். முன்னும் பின்னும் பல கரங்களைக் கொண்ட அமைப்பு என்பதால்தான் வளைவுகளில் அவ்வளவு நிதானம். ஒவ்வொரு கரத்துக்கும் புஷ் (ரப்பர் உறை), மூட்டு என்று தேய்வதற்குப் பல இடங்கள் இருப்பதும் அதனால்தான். வேகத்தடைமேல் மெதுவாக, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறுமாறு ஓட்டினால் எந்த மூலையிலிருந்து சத்தம் வருகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு புஷ் மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் பக்கத்துப் புஷ் சத்தமிடும் என்பதால், முழுத் தொகுப்பாக மாற்ற எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே விசாரித்து, அந்தத் தொகையைக் கார் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

உடற்பகுதியில் துருவைத் தேடுங்கள்: கதவுகளின் கீழ் ஓரம், பின்சக்கர வளைவு, ஸ்பேர் டயர் குழி. வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் விற்பனைக்கு வருவது நம் ஊரில் புதிதன்று. 2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா உட்படக் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் எத்தனையோ கார்கள் நீரில் கிடந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், வெளியே தெரியாத பகுதியில் சேற்றுக் கறை நேர்க்கோடாக நிற்கும்; தரைவிரிப்பை மாற்றுபவர்கள் பெல்ட்டை மாற்றுவதில்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின், ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்குகள் முதலில் எரிந்து பிறகு அணைய வேண்டும். முதலிலேயே எரியாத விளக்கைப் பல்பு பிடுங்கப்பட்ட விளக்காகக் கருதி விசாரியுங்கள். ஜன்னல் மோட்டார், ஏர்கோன் திரை போன்றவை கெட்டிருந்தால், பழைய கார்களைப் பிரித்து விற்கும் அரைவெட்டுக் கடைகளில் பழைய பாகம் கிடைக்கும், அதற்காக நல்ல எஞ்சினைக் கைவிட வேண்டாம்.

மாற்றியமைக்கப்பட்ட கார்களைப் பற்றி ஒரு வார்த்தை. டர்போ பொருத்திய வேறு மிட்சுபிஷி எஞ்சினைப் பெர்டானாவில் இறக்குவது இங்கே ஒரு பொழுதுபோக்கு. கிராண்டில் (காரின் பதிவுப் பத்திரத்தில்) உள்ள எஞ்சின் எண்ணும் காரில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பெயர் மாற்றப் பரிசோதனையிலேயே கார் நின்றுவிடும். என்ஜிவி எனும் இயற்கை எரிவாயுத் தோம்பு பொருத்திய வி6-களும் உண்டு, பெட்ரோல் செலவுக்குப் பயந்து பலர் அப்படிச் செய்தார்கள். 2025 ஜூலை 1 முதல் நாட்டில் என்ஜிவி விற்பனையே நிறுத்தப்பட்டுவிட்டதால், அந்தத் தோம்பை முறைப்படி அகற்றி, பதிவையும் பெட்ரோல் மட்டும் என்று மாற்றிய பிறகே பேச்சுவார்த்தையைத் தொடருங்கள்.

இரண்டாம் தலைமுறையில் பார்க்க வேண்டியவை குறைவு. எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் ஒரு பெரிய செலவு இல்லை, 2.4-இல் குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது ஓரிரு விநாடி கடகடவென்று கேட்டால் வால்வு நேரத்தை மாற்றும் ஆக்சுவேட்டர் தேய்ந்திருக்கலாம். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் ஆகியவற்றுக்கு அக்கோர்டின் பாகங்கள் பொருந்தும். ஆனால் 2016 வடிவத்தின் முன்விளக்கு, பின்விளக்கு, பம்பர் ஆகியவை பெர்டானாவுக்கென்றே செய்தவை; அக்கோர்டிலிருந்து எடுத்துப் பூட்ட முடியாது. விற்பனையும் அதிகம் இல்லாததால் அரைவெட்டுக் கடைகளில் தேடியலைய நேரிடும். அதனால் இந்தக் காரில் எஞ்சினைவிட விளக்குகளின் விரிசலையும் உட்புற ஈரத்தையும்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். அரசாங்க ஏலத்திலிருந்து வந்த கார் என்றால், பின்னிருக்கை தேய்ந்து முன்பயணி இருக்கை புதிதாக இருப்பதே அடையாளம். சர்வீஸ் பதிவு கிடைத்தால் அத்தகைய கார் மோசமான தேர்வும் அன்று.

காகித வேலைக்கு வருவோம். இரண்டாம் தலைமுறைக் கார்களில் வங்கிக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. ‘சம்போங் பாயார்’ என்று தவணையை மட்டும் உங்களைக் கட்டச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கார் வங்கிக்கும் முதல் உரிமையாளருக்கும் சொந்தமாகவே இருக்கும், பணம் மட்டும் உங்களுடையதாகப் போகும். முதல் தலைமுறையில் கடன் முடிந்திருக்கும், ஆனால் வங்கியின் உரிமைக்கோரல் கிராண்டிலிருந்து நீக்கப்படாமலேயே கிடக்கலாம். நிலுவைச் சம்மன், தடைப்பட்டியல் ஆகியவற்றையும் பணம் கொடுக்கும் முன்பே சரிபார்க்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையை வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகாமில் விற்பவரே செய்து தரட்டும். அதில் தேறினால், எண்கள் ஒத்துப்போகும் கார் என்பதுதான் பொருள். எஞ்சின் நலம் என்பதன்று. மீதிப் பணத்தை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) முகப்பில் பெருவிரல் ரேகை வைத்த பிறகு கொடுப்பதே முறை. பழைய காருக்கு முழுக் காப்புறுதி தர எல்லா நிறுவனங்களும் முன்வருவதில்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே கிடைக்கும் என்றால் திருட்டு, தீ ஆகியவற்றையும் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முழுக் காப்புறுதி கிடைத்தாலும், பத்து ஆண்டைத் தாண்டிய காருக்குப் புதிய பாகம் போட்டால் அதன் விலையில் 40 விழுக்காடு வரை நீங்களே ஏற்க நேரிடும்.

விலை பேசும்போது காருக்கு ஒரு தொகை, முதல் ஆண்டு வேலைக்கு ஒரு தொகை என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவதைத் தொடாமல் வைத்திருங்கள். வாங்கிய முதல் மாதத்தில் டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும், ஆறு பிளக்குகளும் வால்வு கவர் கேஸ்கெட்டுகளும், எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், கூலன்ட் ஆகியவையும் முடிந்துவிட வேண்டும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் தயாரித்த ஆண்டைக் காட்டும். தடம் ஆழமாக இருந்தாலும் பழைய டயரோடு நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். சஸ்பென்ஷனை மூன்றாவது, நான்காவது மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். பெயின்ட்டும் அலாய் சக்கரமும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். கழற்றிய பழைய பாகங்களைப் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பில்லிலும் கிலோமீட்டரை எழுதச் சொல்லி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது, பின்வரிசை பிளக்குகளைப் பற்றிக் கேட்கும் ஆள் வந்தாலும் வரலாம்.